விஞ்ஞானக் கல்வியில் கலைகளின் இடம்

நம் பள்ளிகளின் நேரப்பட்டியலை எடுத்து நோக்குவோமாயின் அதில் ஒரு பிரிவினை தெளிவாகப் புலப்படும். பௌதிகம், இரசாயனம், கணிதம் முதலியவற்றுக்கு மாணவரின் உள்ளம் தெளிந்திருக்கும் காலைவேளை அளிக்கப்படுகிறது. ஓவியம், இசை, கைத்தொழில் ஆகியவற்றுக்கு எஞ்சுவது பெரும்பாலும் மாலையின் கடைசிப் பாடவேளையே. தேர்வு நெருங்கிவிட்டால் அந்தப் பாடவேளையையும் கணித ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வது யாவரும் அறிந்த வழக்கம். கலை என்பது களைப்பாற்றும் பொழுதுபோக்கு, விஞ்ஞானம் என்பது மூளையின் வேலை என்னும் எண்ணம் இவ்வாறு இளமையிலேயே மாணவர் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது.

இவ்விரண்டையும் இணைக்க வேண்டும் என்ற குரல் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கலைகளோடு இணைந்த கற்பித்தலை வலியுறுத்துகிறது. ஆயினும், இணைப்பு என்ற பெயரில் நடைபெறுவன யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. தனிமங்களின் பெயர்களைப் பாட்டாகக் கட்டிப் பாடுவதும், ஒளிச்சேர்க்கையை நாடகமாக நடிப்பதும், வண்ணத்தாளில் அணுவின் படத்தை ஒட்டிச் சுவரில் மாட்டுவதும் நினைவாற்றலுக்குத் துணைபுரியலாம். அவற்றால் தீங்கு ஒன்றுமில்லை. ஆனால் அங்கே பாட்டும் வளர்வதில்லை, இரசாயனமும் ஆழப்படுவதில்லை. கலைப்பொருளே ஒரு விஞ்ஞான வினாவை எழுப்பும்போதும், கலைப்பயிற்சி பெற்ற கண்ணோ செவியோ கையோ விஞ்ஞான வேலையை நேராகச் செய்யும்போதுமே உண்மையான இணைப்பு நிகழ்கிறது. இதற்கு நம் நாட்டிலேயே தலைசிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

முரசு, தப்பு போன்ற தோற்கருவிகளைத் தட்டினால் ஓசை எழும். ஆனால் அவ்வோசைக்கு இன்ன சுருதி என்று அறுதியிட்டுக் கூறுவது கடினம். இதற்குக் காரணம் சவ்வின் அதிர்விலேயே அமைந்துள்ளது. வீணையின் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்துடன் அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் கூடவே எழுகின்றன. இவை முழு எண் மடங்குகளாதலால் செவிக்கு ஒன்றோடொன்று இயைந்து ஒரே சுரமாக ஒலிக்கின்றன. வட்டமாக இழுத்துக் கட்டிய சீரான சவ்வோ அவ்வாறு நடந்துகொள்வதில்லை. அடிப்படை அதிர்வெண்ணை 1 எனக் கொண்டால், அதன் மேற்சுரங்கள் ஏறத்தாழ 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று அமைகின்றன. எந்த முழு எண்ணுக்கும் கட்டுப்படாத இவ்விகிதங்களால் ஓசை சிதறுகிறது.

மிருதங்கமும் தபலாவும் இவ்விதிக்கு விலக்கு. மிருதங்கத்தின் வலந்தலை தம்பூராவோடு இயைந்து சுருதி சேர்கிறது. எவ்வாறு? இவ்வினாவைக் கல்கத்தாவில் பணியாற்றிய சர் சி. வி. இராமன் எடுத்துக்கொண்டார். சிவகாளி குமாருடன் இணைந்து அவர் எழுதிய குறிப்பு 1920ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பின்னர் 1934ஆம் ஆண்டில் விரிவான ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் வெளிவந்தது. இராமன் இசையறிவு மிக்க குடும்பத்தில் பிறந்தவர். ஒலியியலைப் பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய நூலை இளமையிலேயே ஆழ்ந்து பயின்றவர். வயலினையும் வீணையையும் தம்பூராவையும் ஆராய்ச்சிக்கூடத்திற்குக் கொண்டுவந்தவரும் அவரே. செவி பழகாதவர் ஒருவருக்கு மிருதங்கத்தின் சுருதி வியப்பையே தந்திராது. வியப்பு இல்லாத இடத்தில் வினாவும் எழுந்திராது.

விடை வலந்தலையின் நடுவே காணும் கரிய வட்டத்தில் இருந்தது. சோற்றையும் இரும்புச் சத்துள்ள ஒருவகைக் கல்லின் பொடியையும் சேர்த்து அரைத்த பசையை, மெல்லிய அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் வழுவழுப்பான கல்லால் தேய்த்து இவ்வட்டத்தை உருவாக்குகின்றனர். நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் அது அமைகிறது. தேய்க்கத் தேய்க்க அதில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. அவ்வெடிப்புகள் இருப்பதாலேயே கனமான அப்பூச்சு தோலின் நெகிழ்ச்சியைக் கெடுப்பதில்லை.

இனி இதன் பௌதிகத்தை நோக்குவோம். சவ்வு முழுவதும் ஒருசேர மேலும் கீழும் அசைவது முதல் அதிர்வு முறை. இதில் மையமே மிகுதியாக அசைகிறது. இரண்டாவது முறையில் ஒரு விட்டம் அசையாத கணுக்கோடாக நிற்க, அதன் இருபுறமும் உள்ள அரைவட்டங்கள் ஒன்று ஏற ஒன்று இறங்குமாறு அதிர்கின்றன. இங்கே மையம் அசைவதே இல்லை. ஆகவே மையத்தில் பாரத்தை ஏற்றினால் அது முதல் முறையைப் பெரிதும் தாமதப்படுத்தும். இரண்டாவதைச் சிறிதளவே பாதிக்கும். முதல் முறையின் அதிர்வெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 0.8 ஆகிவிட்டது எனவும், இரண்டாவது மாறாமல் 1.59 ஆகவே இருக்கிறது எனவும் கொண்டால், இரண்டின் விகிதம் ஏறத்தாழ 2 ஆகிவிடுவதைக் காணலாம். இது தோராயக் கணக்கே. பூச்சின் பரப்பும் தடிப்பும் மற்ற முறைகளையும் ஓரளவு மாற்றுகின்றன. ஆயினும் உண்மையின் திசையை இது காட்டிவிடுகிறது.

சவ்வின்மீது நுண்மணலைத் தூவி, அது அசையாத கணுக்கோடுகளில் வந்து ஒதுங்குவதை இராமன் கண்டு பதிவுசெய்தார். ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து குழுக்களாகச் சேர்ந்து, அடிப்படைச் சுரத்தின் 1, 2, 3, 4, 5 என்னும் மடங்குகளில் ஒலிக்கின்றன என்பது அவர் கண்ட முடிபு. 1954ஆம் ஆண்டில் பி. எஸ். இராமகிருஷ்ணாவும் மன் மோகன் சோந்தியும் இச்சவ்வை வேறுபட்ட அடர்த்தியுடைய இரு வட்டப் பகுதிகளாகக் கொண்டு கணித்து, அளவுகளைத் தக்கவாறு தேர்ந்தால் இவ்விசைவு கிட்டும் எனக் காட்டினர். வாசிப்பவரின் விரல்களும் இவ்விதியை அறிந்தே இயங்குகின்றன. ஒரு விரலைத் தோலின்மேல் மெல்லப் படியவைத்து மற்றொரு விரலால் விளிம்பைத் தட்டும்போது, தொட்ட இடத்தில் அசைவு மிகுந்த முறைகள் அடங்கி, அங்கே கணுவுள்ள முறைகள் மட்டும் ஒலிக்கின்றன. பயிற்சி பெற்ற ஒரு சிறுவன் இதை நாள்தோறும் செய்கிறான். அவனுடைய பௌதிக நூல் கணுவைப் பற்றிக் கூறும்போதோ கயிற்றையும் குழாயையும் மட்டுமே காட்டுகிறது.

இப்பாடத்தை உயர்நிலைப் பள்ளியில் நடத்துவதற்குப் பெருஞ்செலவு ஏதும் வேண்டியதில்லை. ஒரு தப்பு, ஒரு மிருதங்கம், சிறிது உலர்ந்த நுண்மணல் ஆகியவை போதும். ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் செயலிகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. தப்பின் ஒலியில் காணும் முகடுகளின் இடைவெளிகளையும் மிருதங்க ஒலியின் முகடுகளையும் மாணவர் அளந்து ஒப்பிடலாம். அளவுகள் நூலில் உள்ளவாறே அமையமாட்டா; சவ்வின் இழுவிசை எங்கும் சீராக இல்லாமையும், கருவியினுள் அடைபட்ட காற்றும் அவற்றை மாற்றும். அம்மாற்றத்தின் காரணத்தைத் தேடுவதே பாடத்தின் சிறந்த பகுதி. தப்பை வாசிக்குமுன் ஏன் தீயில் வாட்டுகின்றனர் என்னும் வினாவும் இங்கே எழும். தோலின் ஈரம் நீங்க, இழுவிசை கூடி, ஒலி உயர்கிறது என்று மாணவர் தாமே அளந்து அறியலாம். மிருதங்கத்தின் தொப்பியில் கச்சேரிக்குமுன் ரவைப் பசையை அப்புவதும், முடிந்தபின் அதைச் சுரண்டி எடுத்துவிடுவதும் பாரமேற்றும் விதிக்கு மற்றொரு சான்று.

இங்கே நாம் தயங்காமல் கூற வேண்டிய ஒன்றுண்டு. மேற்கூறிய பூச்சின் நுட்பத்தைக் கண்டறிந்தவர் பெயர் நமக்குத் தெரியாது. தோலைப் பதப்படுத்தியும் வார் பிடித்தும் தலைமுறை தலைமுறையாக இக்கருவிகளைச் செய்துவந்தோர், தோலைத் தொடுவதாலேயே இழிந்தோராகக் கருதப்பட்டனர். கருவியின் இசையை மேடையில் அமர்த்திய சமூகம் அதைச் செய்த கையை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய இந்து இரசாயன வரலாற்று நூலில், நம் நாட்டில் விஞ்ஞான உணர்வு நலிந்ததற்குரிய காரணங்களுள் ஒன்றாக இப்பிரிவினையையே சுட்டினார். தொழில்கள் சாதியால் பிரிக்கப்பட்டு, சிந்திக்கும் வகுப்பினர் கையால் செய்யும் வேலையிலிருந்து விலகவே, எவ்வாறு, ஏன் என்னும் வினாக்களைக் கேட்போர் அருகினர் என்பது அவர் கருத்து. செய்தவரிடம் நூலில்லை; நூலுடையவரிடம் செய்கையில்லை. ஆகவே விஞ்ஞான வகுப்பில் கலைக்கு இடந்தருவது வகுப்பை இனிமையாக்கும் முயற்சி மட்டுமன்று. மிருதங்கம் செய்பவர் ஒருவர் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியராக நின்று விளக்குவாராயின், அங்குள்ள மாணவர் ஒலியியலைக் காட்டிலும் பெரிதான ஒன்றையும் கற்றுக்கொள்வர்.

செவியைப் போலவே கண்ணுக்கும் பயிற்சி உண்டு. 1609ஆம் ஆண்டில் இருவர் தொலைநோக்கி வழியே நிலவை நோக்கி வரைந்தனர். இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் ஜூலைத் திங்களிலேயே வரைந்துவிட்டார். இத்தாலியில் கலீலியோ சில மாதங்கள் கழித்து வரைந்தார். ஹாரியட் சிறந்த கணித அறிஞர். எனினும் அவருடைய முதற்படத்தில் ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லை ஒழுங்கற்ற கோடாக மட்டுமே காணப்படுகிறது. மலைகளும் பள்ளங்களும் அதில் இல்லை. அவருடைய கருவி ஆற்றலில் குறைந்தது என்பதும் உண்மை. ஆனால் கலை வரலாற்றாசிரியர் சாமுவேல் எட்ஜர்ட்டன் வேறொரு காரணத்தையும் எடுத்துக்காட்டினார். கலீலியோ, பிளாரன்ஸ் நகரத்துச் சித்திரக் கலைக்கழகத்தில் கற்பித்த ஒஸ்தீலியோ ரிச்சியிடம் கணிதம் பயின்றவர். ஒளியும் நிழலும் மேடுபள்ளங்களின்மீது எவ்வாறு விழும் என்னும் ஓவியப் பயிற்சி அவருக்கு இருந்தது. நிலவின் இருண்ட பகுதியில் தனித்து மின்னிய புள்ளிகளை, கதிரொளி முதலில் எட்டிய மலைச்சிகரங்கள் என்று அவர் கண்ணால் படித்தார்; மையைக் கரைத்து ஒளிநிழல் தோன்ற வரைந்தார். இருளெல்லையிலிருந்து அப்புள்ளிகளின் தொலைவை அளந்து, ஒரு செங்கோண முக்கோணத்தின் உதவியால் மலைகள் நான்கு மைலுக்கு மேற்பட்ட உயரமுடையன எனவும் கணக்கிட்டார். 1610ஆம் ஆண்டில் அவருடைய நூல் வெளிவந்தபின் ஹாரியட் வரைந்த படங்களில் வட்டப் பள்ளங்கள் தோன்றுகின்றன!

நம் கல்லூரிகளில் தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் செய்முறைப் பதிவேட்டில் நூற்றுக்கணக்கான படங்களை வரைகின்றனர். ஆனால் எத்தனை பேர் நுண்ணோக்கியின்கீழ் உள்ள பொருளைப் பார்த்து வரைகின்றனர்? பாடநூலின் படத்தையோ முன்னாண்டு மாணவரின் பதிவேட்டையோ பார்த்து வரைவதே பெரும்பாலான இடங்களில் நடைமுறை. நூலின் படம் சீரானது. கண்முன் உள்ள தண்டின் குறுக்குவெட்டோ ஒருபுறம் கிழிந்தும் ஒருபுறம் நிறம் மங்கியும் கிடக்கும். அதை உள்ளவாறே வரைய முயல்பவர் ஒவ்வொரு கோட்டுக்கும், 'இது உண்மையில் இருக்கிறதா?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள நேரிடும். புகைப்படம் வந்தபின் வரைதல் எதற்கு எனச் சிலர் வினவுவர். புகைப்படக் கருவி யாவற்றையும் ஒருங்கே பதிவுசெய்கிறது. வரைபவரோ எது முக்கியம் என்று தீர்மானித்தாக வேண்டும். நரம்பணுக்களை ஆராய்ந்து 1906ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு இராமோன் இ கஹால், இளமையில் ஓவியராக விரும்பியவர். நரம்பணுக்கள் தனித்தனி அலகுகள் என்ற அவருடைய கொள்கை, அவர் வரைந்த படங்களோடு ஒட்டியே வளர்ந்தது.

கணிதத்திற்கு வருவோம். 1893ஆம் ஆண்டில் சென்னையில் டி. சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பின் வாயிலாக வடிவ கணிதத்தைக் கற்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். மழலைப் பள்ளிகளின் காகித மடிப்பு விளையாட்டே அவருக்குத் தூண்டுதல். கவராயமும் இல்லாமல், ஒரு சதுரத் தாளை மடித்தே ஐங்கோணம் முதலிய ஒழுங்கான உருவங்களை அவர் அமைத்துக் காட்டினார். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் இதைப் பாராட்டிக் குறிப்பிட்டதன் பின்னரே நூல் அமெரிக்காவில் மறுபதிப்புப் பெற்றது. தென்னாட்டு வாயில்களில் இடப்படும் புள்ளிக் கோலமும் இத்தகையதே. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை ஒரு மொழியாகவும், அவை சிறிய அமைப்பிலிருந்து பெரிய அமைப்பாக வளரும் முறையை அம்மொழியின் இலக்கணமாகவும் கொண்டு 1974ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். கணிப்பொறி விஞ்ஞானத்தில் உருவங்களை விதிகளால் விளக்கும் துறைக்கு அது ஒரு பங்களிப்பாயிற்று. வீட்டில் கோலமிடும் மாணவி, விதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி உருவை வளர்க்கும் முறையை அறிந்தே வகுப்பறைக்குள் நுழைகிறாள். அவளிடம் அதைக் கேட்பார்தாம் இல்லை.

தொழில்நுட்பக் கல்வியில் இவ்விணைப்புக்கு நம் நாட்டில் முயற்சிகள் இல்லாமற்போகவில்லை. 1937ஆம் ஆண்டின் வார்தா மாநாட்டில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழிலை நடுவாக வைத்து மற்றப் பாடங்களை அதனோடு பின்ன முயன்றது. நாளடைவில் பல பள்ளிகளில் நூற்பு ஒரு தனிப் பாடவேளையாகச் சுருங்கியது; நூற்பிலிருந்து கணிதத்திற்கும் பௌதிகத்திற்கும் செல்லும் வழியை ஆசிரியர்க்குக் காட்டும் வேலை போதிய அளவு நடைபெறவில்லை. 1958ஆம் ஆண்டில் இந்திய அரசின் அழைப்பின்பேரில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் ஓர் அறிக்கை அளித்தனர். அதன் விளைவாக 1961ஆம் ஆண்டில் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. 1969ஆம் ஆண்டில் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் தொழில் வடிவமைப்புக்கென ஒரு மையம் அமைந்தது.

ஈம்ஸ் அறிக்கையில் பெரிதும் போற்றப்பட்ட பொருள் ஒன்று உண்டு. நம் நாட்டு வீடுகளில் நாள்தோறும் புழங்கும் லோட்டாவே அது. நாம் செம்பு என்போம். அத்தகைய பாத்திரத்தை இன்று புதிதாக வடிவமைப்பதானால் எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்று அவர்கள் வினாக்களை அடுக்கினர். பொறியியல் முதலாண்டு மாணவர்க்கு இதைவிடச் சிறந்த பயிற்சியைக் கற்பனை செய்வது அரிது. வெறுஞ்செம்பின் புவிஈர்ப்பு மையம் எங்குள்ளது? நீர் நிரம்ப நிரம்ப அது எவ்வாறு இடம் மாறுகிறது? விளிம்பு வெளிப்புறம் வளைந்திருப்பதால் நீர் ஊற்றும்போது சுவரைப் பற்றி வழியாமல் எவ்வாறு விலகி விழுகிறது? கொதிநீரை ஊற்றினால் கழுத்தைப் பற்ற இயலுமா? பித்தளையின் விலை யாது, உடைந்தபின் அதன் மதிப்பு யாது? இவற்றுள் முதல் மூன்றும் பௌதிகம். இறுதி வினா பொருளியல். ஆனால் கையில் எடுத்த மாத்திரத்தில் அது பொருந்தி அமர்கிறதே, அந்த அமைதியை எப்பெயரிட்டு அழைப்பது? மாணவர் களிமண்ணில் தாமே ஒரு செம்பை வனைந்து, அது சாய்ந்து விழுவதைக் கண்டு, மீண்டும் வனையும்போதே வினாக்கள் யாவும் ஒன்றுசேர்கின்றன.

இதற்கெல்லாம் காலம் எங்கே என்று ஆசிரியர் கேட்பது நியாயமே. பாடத்திட்டம் நீளமானது; தேர்வோ எழுத்துத் தேர்வு; ஒரு வகுப்பில் அறுபது மாணவர் அமர்ந்திருக்கும் பள்ளிகளும் உள்ளன. இந்நிலையில் எல்லாப் பாடங்களையும் கலையோடு இணைக்குமாறு ஆணையிட்டால், சுவரில் ஒட்டும் வண்ணத்தாள்களே பெருகும். ஓராண்டில் இரண்டு அல்லது மூன்று பாடங்களை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முழுவதும் அளித்து ஆழமாக நடத்துவது மேல் என்பது எமது கருத்து. அவ்வாறு நடத்திய பாடத்தால் விஞ்ஞான அறிவு ஆழப்பட்டதா என்பதையும் ஆசிரியர் சோதித்தறிய வேண்டும். ஆழப்படவில்லையெனில் அப்பாடத்தைக் கைவிடத் தயங்கலாகாது.

தொடங்குவதற்கு இரண்டு மாற்றங்கள் உடனே இயலும். செய்முறைப் பதிவேட்டில், பொருளை நேரே நோக்கி, நாளும் உருப்பெருக்க அளவும் குறித்து வரைந்த படத்திற்கே மதிப்பெண் வழங்கலாம். கோடு கோணலாயினும் குறையில்லை. அடுத்து, அவ்வட்டாரத்தில் வாழும் கருவி செய்பவர், குயவர், வார்ப்புத் தொழிலாளர், நெசவாளர் ஆகியோருள் ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பள்ளியின் ஆய்வுக்கூடத்திற்கு அழைக்கலாம். அவர் செய்து காட்டும்போது அளவுகோலும் தராசும் வெப்பமானியும் மாணவர் கையில் இருக்கட்டும். அவருக்கு அளிக்கும் மதிப்பூதியம், சிறப்புச் சொற்பொழிவாற்ற வரும் பேராசிரியருக்கு அளிப்பதற்குக் குறைவின்றி இருத்தல் வேண்டும். பள்ளியின் கணக்கேட்டில் அது கூலி என்ற தலைப்பின்கீழ் எழுதப்படுதலும் ஆகாது.